சீர்திருத்தப் பாடசாலைகள்: கருணையின் பெயரால் எழுந்த மதில்கள்

2023ஆம் ஆண்டின் இறுதியில், கல்முனையிலுள்ள சிறுவர் தடுப்பு நிலையமொன்றில் வைக்கப்பட்டிருந்த சிறுவன் ஒருவன் உயிரிழந்ததும், அதனையடுத்து அங்கு கடமையாற்றிய ஒருவர் கைது செய்யப்பட்டதும் வாசகர்கள் அறிந்த செய்தியாகும். அவ்வழக்கின் தன்மை பற்றி நாம் இங்கு கருத்துரைக்க முற்படவில்லை. ஆயினும் சிறைச்சாலையின் கொடுமையிலிருந்து பிள்ளைகளைக் காப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட இடங்களில், பிள்ளைகள் பாதுகாப்பற்றவர்களாக இருப்பது எவ்வாறு என்ற கேள்வியை அச்செய்தி எழுப்பியது. இக்கேள்வி நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சீர்திருத்தப் பாடசாலை என்ற ஏற்பாடு தோன்றிய காலந்தொட்டே, அது பரவிய நாடுகளிலெல்லாம் மீண்டும் மீண்டும் எழுந்த கேள்வி இதுவாகும். எனவே அதன் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ரொட்டித் துண்டொன்றைத் திருடிய பத்து வயதுச் சிறுவனும், வழிப்பறிக் கொள்ளைக்காரனும் ஒரே சிறையில் அடைக்கப்பட்டனர். சிறுவர்கள் அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். மரண தண்டனைத் தீர்ப்புகூட அவர்களுக்கு வழங்கப்பட்டதுண்டு. சிறைக்குச் சென்ற சிறுவன் தேர்ந்த திருடனாகவே வெளியே வருகிறான் என்பதை நீதவான்கள் உணரத் தொடங்கியபோதுதான் சிறுவர்களுக்கெனத் தனியிடம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1838இல் வைற் தீவிலுள்ள பார்க்ஹேர்ஸ்ற்றில் பிரித்தானிய அரசாங்கம் சிறுவர்களுக்கென்று தனிச் சிறையொன்றைத் திறந்தது. ஆனால் அது பெயரிலும் இயல்பிலும் சிறையாகவே இருந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அங்கிருந்த சிறுவர்களின் கால்களில் விலங்கு பூட்டப்பட்டிருந்தது. அங்கு பயிற்சி பெற்றவர்களில் பலர் மேற்கு அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பி வைக்கப்பட்டனர்.

இதற்கு மாறான வழியொன்று ஐரோப்பியக் கண்டத்தில் தோன்றியது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகருக்கு அருகே 1833இல் விஹெர்ன் என்ற இறையியலாளர் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக இல்லமொன்றை ஆரம்பித்தார். பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோரை அடைத்து வைக்காமல், சிறு வீடுகளில் குடும்பம்போல வாழச் செய்வதே அவரது முறையாகும். அதனைப் பின்பற்றிப் பிரான்ஸில் ரூர் நகருக்கு அண்மையில் மெற்றே என்னுமிடத்தில் டெமெற்ஸ் என்ற நீதிபதி பண்ணைக் குடியிருப்பொன்றை நிறுவினார். 1840ஆம் ஆண்டு ஜனவரியில் முதற் சிறுவர்கள் அங்கு வந்து சேர்ந்தனர். சுமார் நாற்பது பேர் கொண்ட ஒவ்வொரு பிரிவும் ஒரு குடும்பம் எனப்பட்டது. அதற்கொரு குடும்பத் தலைவர் நியமிக்கப்பட்டார். வயல் வேலை, தொழிற்பயிற்சி, எழுத்தறிவு, வழிபாடு என நாள் முழுவதும் வகுக்கப்பட்டிருந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் அறிஞர்களும் ஆட்சியாளர்களும் மெற்றேயைக் காணச் சென்று வியந்து திரும்பினர்.

எனினும் அங்கு அனுப்பப்பட்ட சிறுவர்கள் யார் என்பது கவனத்திற்குரியது. பிரான்ஸின் 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின்படி, பதினாறு வயதுக்குட்பட்ட ஒருவன் நன்மை தீமை பகுத்தறியாது குற்றம் புரிந்தான் என நீதிமன்றம் கண்டால் அவனை விடுதலை செய்ய வேண்டும். ஆனால் அவ்வாறு விடுதலை செய்யப்பட்டவனையே இருபது வயது வரை ஒரு திருத்த நிலையத்தில் வைத்து வளர்க்குமாறு கட்டளையிடவும் அதே சட்டம் இடமளித்தது. குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவன் சில மாதங்களில் வெளியே வர, குற்றமற்றவன் என விடுவிக்கப்பட்டவன் பல ஆண்டுகள் உள்ளே இருந்தான். மெற்றேயில் மதில்கள் இல்லை என்று பெருமையாகக் கூறப்பட்டது. ஆனால் தண்டனைக்கான தனிச் சிற்றறைகள் இருந்தன. அவற்றின் சுவர்களில் இறைவன் உன்னைப் பார்க்கிறான் என்ற வாசகம் எழுதப்பட்டிருந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜோன் ஜெனே தமது பதின்ம வயதில் இங்குதான் அடைபட்டிருந்தார். சிந்தனையாளர் மிசெல் பூக்கோ 1975இல் வெளியிட்ட தமது நூலில், நவீன தண்டனை முறை முழுமை பெற்ற நாளாக மெற்றே திறக்கப்பட்ட நாளையே குறிப்பிட்டார். புகழின் உச்சியிலிருந்த அந்நிறுவனம், பத்திரிகைகளின் கடுங் கண்டனத்துக்குள்ளாகி 1930களில் மூடப்பட்டது.

இங்கிலாந்தில் இவ்வியக்கத்தின் முதன்மைக் குரலாக விளங்கியவர் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த மேரி கார்பென்ரர் அம்மையாராவார். 1851இல் சீர்திருத்தப் பாடசாலைகள் பற்றி அவர் எழுதிய நூல் பாராளுமன்றத்தின் கவனத்தை ஈர்த்தது. 1852இல் கிங்ஸ்வூட்டில் சிறுவர்களுக்கான பாடசாலையையும், 1854இல் பிரிஸ்டலில் சிறுமியருக்கான பாடசாலையையும் அவர் தோற்றுவித்தார். பிள்ளை எந்தக் குற்றத்தைச் செய்திருந்தாலும் அவன் பிள்ளையே, அவனுக்கு வேண்டியது அன்பும் கல்வியுமே என்பது அவரது உறுதியான நிலைப்பாடாகும். பின்னாளில் அவர் நான்கு தடவைகள் இந்தியாவுக்கும் பயணம் செய்து அங்குள்ள சிறைகளைப் பார்வையிட்டார். 1876இல் இந்தியாவில் சீர்திருத்தப் பாடசாலைச் சட்டம் இயற்றப்பட்டதில் அவரது முயற்சிக்கும் பங்குண்டு. அச்சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்தின் செங்கல்பட்டிலும் இத்தகைய பாடசாலை உருவானது.

ஆனால் அம்மையார் விரும்பியதும் பாராளுமன்றம் வழங்கியதும் ஒன்றாக இருக்கவில்லை. 1854ஆம் ஆண்டின் இளங்குற்றவாளிகள் சட்டம், சிறுவன் பாடசாலைக்கு அனுப்பப்படும் முன்னர் குறைந்தது 14 நாட்கள் சிறையில் இருக்க வேண்டும் என விதித்தது. குற்றத்துக்குத் தண்டனை கிடைக்காவிட்டால் ஏழைப் பெற்றோர் தம் பிள்ளைகளைக் குற்றம் புரியத் தூண்டி இலவசக் கல்வி பெற்றுவிடுவர் என்று அஞ்சியவர்களுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. அம்மையார் இதனை எதிர்த்தார். ஆயினும் இந்நிபந்தனை முற்றாக நீக்கப்படுவதற்கு 1899 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிறைத்தண்டனை முடிந்த பின்னர் சிறுவன் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை பாடசாலையில் இருக்க வேண்டும். அவனது பராமரிப்புக்காக வாரத்துக்கு ஐந்து சிலிங் வரை பெற்றோரிடமிருந்து அறவிடவும் சட்டம் இடமளித்தது.

மூன்றாண்டுகள் கழித்து, 1857இல் கைத்தொழிற் பாடசாலைச் சட்டம் வந்தது. குற்றம் எதுவும் செய்யாத, ஆனால் வீதியில் அலைந்து திரியும், பிச்சையெடுக்கும், பராமரிப்பார் இல்லாத பிள்ளைகளுக்கானது இது. நோக்கம் நல்லதே. ஆனால் இதன் விளைவாக வறுமையும் குற்றமும் அருகருகே ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. அதன் பின்னர் ஒரு சிறுவன் பல ஆண்டுகள் அடைபட்டிருக்க அவன் திருட வேண்டும் என்ற அவசியமில்லை. ஏழையாக இருந்தால் போதுமானதாயிற்று. சீர்திருத்தப் பாடசாலைகளின் வரலாற்றில் மிகப் பாரதூரமான திருப்பம் இதுவே என்பது எமது கணிப்பாகும்.

அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலும் கதை வேறாக இருக்கவில்லை. நியூயோர்க்கில் 1825இல் சிறுவர்களுக்கான புகலில்லம் திறக்கப்பட்டது. 1848இல் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் வெஸ்ற்பரோவில் அரசாங்கமே சீர்திருத்தப் பாடசாலையொன்றைத் திறந்தது. பதினோராண்டுகள் கழித்து, அங்கிருந்த சிறுவன் ஒருவன் மூட்டிய தீயில் அக்கட்டடத்தின் பெரும்பகுதி எரிந்து போனது. 1899இல் சிக்காகோவில் உலகுக்கு முன்னோடியாக அமைந்த சிறுவர் நீதிமன்றம் நிறுவப்பட்டது. இந்நீதிமன்றம் தண்டிக்காது, தந்தையைப் போலக் கண்டித்துத் திருத்தும் என்றனர். தந்தையின் முன் பிள்ளைக்குச் சட்டத்தரணி எதற்கு என்றும் கேட்டனர்.

இந்த வாதத்தின் உண்மை விலை 1967இல் வெளிப்பட்டது. அரிசோனா மாநிலத்தில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் அயலவரான பெண்ணொருவருக்குத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 21 வயதாகும் வரை கைத்தொழிற் பாடசாலையில் வைக்கப்படுமாறு உத்தரவிடப்பட்டான். வளர்ந்தவர் ஒருவர் இதே குற்றத்தைச் செய்திருந்தால் உச்ச தண்டனை 50 டொலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை மாத்திரமே. அச்சிறுவனுக்கோ ஆறு ஆண்டுகள். முறைப்பாடு செய்த பெண் விசாரணைக்கு வரவுமில்லை, சிறுவனுக்காகச் சட்டத்தரணி எவரும் தோன்றவுமில்லை. பாடசாலை என்று பெயரிட்டாலும் அது சுதந்திரத்தைப் பறிக்கும் இடமே என ஏற்றுக்கொண்ட அமெரிக்க உயர் நீதிமன்றம், குற்றச்சாட்டை அறியும் உரிமையும் சட்டத்தரணியின் உதவியைப் பெறும் உரிமையும் பிள்ளைகளுக்கும் உண்டு எனத் தீர்ப்பளித்தது.

பிரித்தானியாவில் இருபதாம் நூற்றாண்டு பல மாற்றங்களைக் கண்டது. கென்ற் மாவட்டத்தின் போர்ஸ்டல் என்ற கிராமத்தில் 1902இல் தொடங்கப்பட்ட இளைஞர் பயிற்சி முறைக்கு அக்கிராமத்தின் பெயரே நிலைத்தது. 1908ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களைச் சிறையிடுவதைத் தடுத்ததோடு சிறுவர் நீதிமன்றங்களையும் ஏற்படுத்தியது. 1933ஆம் ஆண்டின் சட்டம் சீர்திருத்தப் பாடசாலைகளையும் கைத்தொழிற் பாடசாலைகளையும் ஒன்றிணைத்து, அங்கீகரிக்கப்பட்ட பாடசாலைகள் என்ற புதுப் பெயரைச் சூட்டியது. பெயர் மாறினாலும் பிரம்பு மாறவில்லை. 1967இல் சரே மாவட்டத்திலிருந்த கோர்ட் லீஸ் பாடசாலையின் ஆசிரியர் ஒருவர், அங்கு மாணவர்கள் அளவுமீறி அடிக்கப்படுவதைப் பத்திரிகைக்குத் தெரியப்படுத்தினார். காயங்களின் புகைப்படங்களும் வெளிவந்தன. விசாரணையை அடுத்து உள்துறை அமைச்சர் ரோய் ஜென்கின்ஸ் அப்பாடசாலையை மூடினார். 1969ஆம் ஆண்டின் சட்டம் அங்கீகரிக்கப்பட்ட பாடசாலை முறைக்கும், 1982ஆம் ஆண்டின் சட்டம் போர்ஸ்டல் முறைக்கும் முற்றுப்புள்ளி வைத்தன.

இவ்வேற்பாடு எந்த அளவுக்குச் சீரழியலாம் என்பதற்கு அயர்லாந்து தரும் சாட்சியத்தை விடப் பெரியது வேறில்லை. பிரித்தானிய ஆட்சியில் 1868இல் அங்கு வந்த கைத்தொழிற் பாடசாலைகளைக் கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்தின. டப்ளின் நகரின் ஆர்ரேன் பாடசாலையில் ஒரு காலத்தில் 800க்கும் மேற்பட்ட சிறுவர்கள் இருந்தனர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் குற்றவாளிகளல்லர். வறுமை, தாய் தந்தையரை இழந்தமை, பாடசாலைக்கு ஒழுங்காகச் செல்லாமை ஆகியனவே அவர்களை அங்கு கொண்டு சேர்த்தன. அரசாங்கம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. எனவே பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் பாடசாலையின் வருமானமும் குறையும். பிள்ளையை விரைவில் வீட்டுக்கு அனுப்புவதால் எவருக்கும் இலாபமில்லை என்ற நிலையை இந்தக் கணக்கே உருவாக்கியது.

அங்கு வாழ்ந்தவர்கள் தம் கதைகளைக் கூறத் தொடங்கியபோது முதலில் நம்பியவர் சிலரே. தொலைக்காட்சி ஆவணத் தொடரொன்று நாட்டை உலுக்கிய 1999ஆம் ஆண்டில் அயர்லாந்துப் பிரதமர் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். நீதிபதி ரயனின் தலைமையில் நிறைவு பெற்ற விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை 2009 மே மாதம் வெளியானது. அடித்தலும் அச்சுறுத்தலும் பட்டினியும் அன்றாட நிகழ்வுகளாக இருந்தன, சிறுவர்களுக்கான நிறுவனங்களில் பாலியல் துஷ்பிரயோகம் வேரோடிப் போயிருந்தது என அது முடிவு கண்டது. கல்வித் திணைக்களத்தின் பரிசோதகர்கள் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வந்ததையும், துறவற சபைகளுக்கு முன் அத்திணைக்களம் பணிந்து நின்றதையும் அறிக்கை சுட்டிக்காட்டியது. அறிவித்துவிட்டு வரும் பரிசோதகரின் கண்ணில் படுவது வெள்ளையடித்த சுவரும் வரிசையில் நிற்கும் பிள்ளைகளுமே அன்றி வேறென்ன?

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மரியானா என்னுமிடத்தில் 1900இல் திறக்கப்பட்ட பாடசாலையின் கதை இன்னும் இருண்டது. மூன்றாண்டுகளுக்குள்ளேயே அங்கு சென்ற பரிசோதகர்கள் சிறுவர்கள் விலங்கிடப்பட்டிருக்கக் கண்டனர். அதன் பின்னரும் அது நூறாண்டுகளுக்கு மேல் இயங்கி 2011இலேயே மூடப்பட்டது. பாடசாலைப் பதிவேடுகளின்படி அங்கிருந்த புதைகுழிகள் 31. தென் புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டியபோது கண்டவை 55. பிள்ளை இறந்தால் அதனைக் கணக்கில் சேர்க்கக்கூடத் தேவையற்ற இடமாக ஒரு பாடசாலை இருந்திருக்கிறது. 2017இல் அம்மாநிலச் சட்டசபை மன்னிப்புக் கோரியது.

பிரான்ஸிலும் அயர்லாந்திலும் புளோரிடாவிலும் மதம், மொழி, அரசியல் யாவும் வேறு வேறானவை. ஆயினும் முடிவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எனவே கொடியவர்கள் சிலர் பொறுப்பிலிருந்தமையே காரணம் என்று கூறித் தப்பிவிட முடியாது. ஏற்பாட்டின் உள்ளேயே குறைபாடு இருந்தது. தண்டனை என்றால் நீதிமன்றம் அதற்கு அளவு விதிக்கும். திருத்தம் என்றால் அளவில்லை. திருந்திவிட்டானா என்பதை அடைத்து வைத்திருப்பவரே தீர்மானிப்பார். ஏழையும் குற்றவாளியும் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டமையால் இருவருக்கும் ஒரே களங்கம் ஒட்டிக் கொண்டது. இவையெல்லாம் மக்களின் பார்வைக்கு அப்பால் நடந்தன. முறையிடச் சென்ற பிள்ளையின் சொல்லை எவரும் நம்பவில்லை.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. 1859இல் தீக்கிரையான அதே மசாசுசெற்ஸ் பாடசாலை மீண்டும் கட்டப்பட்டு, லைமன் பாடசாலை என்ற பெயரில் நீண்டகாலம் இயங்கியது. 1969இல் அம்மாநிலத்தின் இளைஞர் சேவைகளுக்குப் பொறுப்பேற்ற ஜெரோம் மில்லர், இப்பாடசாலைகளைத் திருத்த முயன்று தோற்று, அவற்றை மூடிவிடுவதே திருத்தம் என்ற முடிவுக்கு வந்தார். 1972இல் லைமன் உட்படப் பெரிய பாடசாலைகள் மூடப்பட்டு, சிறுவர்கள் சிறு இல்லங்களிலும் குடும்பங்களிலும் நன்னடத்தை மேற்பார்வையிலும் விடப்பட்டனர். அஞ்சியதுபோலக் குற்றங்கள் கட்டுக்கடங்காமற் பெருகிவிடவில்லை. மிசூரி மாநிலமும் 1983இல் தனது பெரிய பயிற்சிப் பாடசாலையை மூடி, பிள்ளைகளின் வீடுகளுக்கு அண்மையில் சிறு நிலையங்களை அமைத்தது. ஹம்பேர்க்கில் 1833இல் சொல்லப்பட்ட சிறு வீடு, சிறு குழு என்ற பாடத்தை உலகம் ஒன்றரை நூற்றாண்டு சுற்றி வந்து மீண்டும் கற்றது என்றே கூறவேண்டும்.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. இலங்கையில் பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலேயே இவ்வேற்பாடு வந்து சேர்ந்தது. களுத்துறை மாவட்டத்தின் மக்கொனையில் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய நிறுவனம் அவற்றுள் அறியப்பட்டதாகும். அரசாங்க சபைக் காலத்தில், 1939இல் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று, 16 முதல் 22 வயது வரையானோருக்கான பயிற்சிப் பாடசாலைகள் பற்றிய 28ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வத்துப்பிட்டிவல பயிற்சிப் பாடசாலை இதன் வழி வந்ததாகும். மற்றையது, 48ஆம் இலக்கச் சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டம். பிரித்தானியாவின் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதும் அடியொற்றிய இது, சான்றுபெற்ற பாடசாலைகளுக்கு அடிப்படையானது. யாழ்ப்பாணத்தில் அச்சுவேலியில் இயங்கி வந்துள்ள பாடசாலை நம் வாசகர்கள் நன்கறிந்த உதாரணமாகும்.

48ஆம் இலக்கச் சட்டத்தில் நற்பண்புகள் பல உண்டு. 14 வயதுக்குட்பட்டவரைச் சிறையிடுவதை அது தடுத்தது. சிறுவர் நீதிமன்றத்தை அறிமுகப்படுத்தியது. ஆனால் குற்றம் புரிந்த பிள்ளையையும், பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டிநிற்கும் பிள்ளையையும் ஒரே நீதிமன்றத்தின் முன் நிறுத்தும் பழைய பிரித்தானியக் குழப்பத்தையும் அது சேர்த்தே கொண்டு வந்தது. கொழும்பில் தனியான சிறுவர் நீதிமன்றம் இருந்த காலத்திலும், நாட்டின் ஏனைய பகுதிகளிற் பெரும்பாலும் நீதவான் நீதிமன்றமே அப்பணியைச் செய்தது. காலை வேளையில் போதைப்பொருள் வழக்கைக் கேட்ட மன்றமே பின்னர் பள்ளிச் சிறுவனின் வழக்கையும் கேட்பதாயிற்று.

முன்னேற்றம் ஏதும் இல்லை என்று நாம் கூறவில்லை. 1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நன்னடத்தை முறையைத் தந்தது. 1991இல் இலங்கை சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. பிள்ளையைத் தடுத்து வைத்தல் இறுதி வழியாகவும், இயன்றளவு குறுகிய காலத்துக்குமே இருக்க வேண்டும் என்பது அதன் 37ஆவது உறுப்புரை கூறும் கடப்பாடாகும். 2005இல் நீதிமன்றங்கள் கசையடித் தண்டனை விதிப்பது ஒழிக்கப்பட்டது. 2018இல் குற்றப் பொறுப்புக்கான ஆகக் குறைந்த வயது 8இலிருந்து 12 ஆக உயர்த்தப்பட்டது. எனினும் சட்டப் புத்தகத்தில் ஏறும் திருத்தம் விடுதியின் கதவுக்குள் நுழைவதற்கு ஆளும் பணமும் கண்காணிப்பும் வேண்டும்.

இந்நிலையில் நாம் வலியுறுத்த விரும்புவன சிலவே. வறுமையினாலோ, பெற்றோரில் ஒருவர் வெளிநாடு சென்றதாலோ பாதுகாப்பற்றுப் போன பிள்ளையை, குற்றம் புரிந்த பிள்ளையோடு சேர்த்து வைத்தலாகாது. அத்தகைய பிள்ளைக்காகச் செலவிடும் பணத்தை முதலில் அவனது குடும்பத்துக்கும் உறவினருக்கும் உதவியாக வழங்கவியலுமா என ஆராய வேண்டும். தடுத்து வைப்பது தவிர்க்க முடியாததாயின், அது அவனது ஊருக்கு அண்மையில், அவனது மொழி பேசப்படுகின்ற, அவனது சமயத்தை மதிக்கின்ற இடமாக இருத்தல் வேண்டும். தாய் பேருந்தில் சென்று பார்த்துவரக் கூடிய தூரமே பிள்ளைக்குச் சிறந்த பாதுகாப்பு. எத்தனை நாள் என்பது முதல் நாளிலேயே பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்னறிவித்தலின்றி உள்ளே சென்று, பணியாளர்கள் அருகில் இல்லாத வேளையில் பிள்ளைகளோடு தனித்துப் பேசும் அதிகாரம் கொண்ட சுயாதீனப் பரிசோதகர்கள் வேண்டும். 13ஆவது திருத்தத்தின்படி நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாண சபைகளின் கைக்கு வந்துள்ளமையால், வடக்கும் கிழக்கும் இவ்விடயத்திற் கொழும்பைக் குறை கூறிக் கொண்டு மட்டும் இருந்துவிட முடியாது.

நமது சமூகங்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. கட்டுக்கடங்காத பிள்ளையை எங்காவது கொண்டுபோய் விட்டால் திருந்தி வருவான் என்ற எண்ணம் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தாரிடமும் ஆழமாக ஊறியுள்ளது. கதவு மூடிய பின்னர் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை. அடித்து வளர்க்காத பிள்ளை உருப்படாது என்று நாமே சொல்லிக் கொண்டு, அடிபட்டு இறந்த பிள்ளைக்காக ஒரு நாள் மட்டும் கலங்குகின்றோம். ஆர்ரேனைச் சுற்றியும் வீடுகள் இருந்தன. மரியானாவிலும் ஊர் இருந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் கொடியவர்களல்லர். மதிலுக்கு அப்பால் நடப்பது தமக்குரிய விடயமல்ல என்று எண்ணியவர்களே. அவ்வாறு எண்ணியதற்காக அந்நாடுகள் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது, பிள்ளைகளாக இருந்தவர்கள் முதியவர்களான பின்னரேயாகும். அவர்களுள் பலர் அம்மன்னிப்பைக் கேட்க உயிரோடு இருக்கவில்லை.